டெப்ளாய் செய்த முதல் மூன்று நிமிடம் ஜாவா நத்தை: நேட்டிவ் இமேஜுக்கு மாறலாமா?

அரைத்தூக்கம் · திங்கள், இரவு 11:40

வணக்கம். தலைப்பிலேயே பாதிக் கதை வந்துவிட்டது, மீதியைச் சொல்கிறேன்.

பஸ் டிக்கெட் முன்பதிவுக்கான பேக்எண்ட் சேவை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3 (ஜாவா சட்டகம்), கன்டெய்னர்களை எழுப்பி மேய்க்கும் குபர்நெட்டிஸ். சாதாரண நாளில் ஆறு பாட் (ஒவ்வொன்றும் சேவையின் ஓடும் பிரதி) போதும். பண்டிகை டிக்கெட் திறக்கும் நாளில் காலை 8 மணிக்குக் கூட்டம் மொய்க்கும். ஆட்டோஸ்கேலர் புதிதாகப் பத்து பாட் எழுப்பும். வினை அங்கேதான். புது பாட் எழுந்து நின்று "நான் ரெடி" என்கிறது. ரிக்வெஸ்ட் போகிறது. பழைய பாட் 40 மில்லிசெகண்டில் தரும் பதிலைப் புதியது ஒன்றரை செகண்ட், இரண்டு செகண்ட் எடுத்துத் தருகிறது. வரிசை சேர்கிறது. லைவ்னஸ் சோதனைக்கு ("உயிரோடு இருக்கிறாயா" என்று அவ்வப்போது கேட்பது) நேரத்தில் பதில் சொல்லவில்லை என்று குபர்நெட்டிஸ் அதைக் கொன்றுவிட்டு இன்னொன்றை எழுப்புகிறது. அதுவும் முதலிலிருந்து நத்தை. போன வாரம் 8:00 முதல் 8:11 வரை இதே கூத்து.

கொல்லாமல் மூன்று நிமிடம் விட்டுவைத்தால் அதே பாட் தானாக 40 மில்லிசெகண்டுக்கு வந்துவிடுகிறது. அதே கோட், அதே கன்டெய்னர், அதே டேட்டாபேஸ்.

மேலாளர் எங்கோ படித்துவிட்டு வந்து, "கிரால்விஎம் நேட்டிவ் இமேஜுக்கு மாற்றிவிடு, எல்லாம் முன்னாடியே கம்பைல் ஆகிவிடும், பிரச்சினையே இருக்காது" என்கிறார். (ஜாவா கோடைப் பில்டிலேயே சிபியு நேரடியாக ஓட்டும் மெஷின் கோடாக்கி, தனியே ஓடும் ஒரே ஃபைலாகத் தரும் கருவி அது.) மாறலாமா? மாறினால் எங்கே கடிக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


துருப்பிடித்தவன் · திங்கள், இரவு 11:52

ரஸ்ட் மொழியில் எழுதுங்கள். வேலை முடிந்தது.


அரைத்தூக்கம் · திங்கள், இரவு 11:54

பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டதே, ஊரில் இல்லையோ என்று நினைத்தேன்.


பழையதுசோறு · செவ்வாய், காலை 6:15

தம்பி, வீடு மாறுவதற்கு முன்னால் இந்த வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் பில்ட் செய்யும்போது ஜாவா கம்பைலர் பைட்கோட் என்ற இடைநிலை வடிவம் வரைக்கும்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. மெஷின் கோட் ஆவது பாட் ஓட ஆரம்பித்த பிறகு. ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மான ஹாட்ஸ்பாட் முதலில் எல்லாவற்றையும் இன்டர்பிரட்டரில், அதாவது கம்பைல் செய்யாமல் படித்துப் படித்து, ஓட்டும். ஒரு மெத்தட் (ஒரு வேலைக்கான கோட் துண்டு) 200 முறை கூப்பிடப்பட்டால் சி1 என்ற சின்ன கம்பைலர் அதைச் சட்டென்று மெஷின் கோடாக்கி, கூடவே கணக்கும் எழுத ஆரம்பிக்கும்: இந்த இஃப் பெரும்பாலும் எந்தப் பக்கம் போகிறது, இந்த இன்டர்ஃபேஸ் அழைப்பில் உண்மையில் எந்த கிளாஸ் வருகிறது என்று. 5000 தாண்டினால் சி2 என்ற பெரிய கம்பைலர் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து இழைக்கும். (இவை டீஃபால்ட் எண்கள். கம்பைல் வரிசை நீண்டால் ஜேவிஎம் இந்த வரம்புகளைத் தானே உயர்த்திக்கொள்ளும். அதாவது நெரிசலில் இன்னும் தாமதம்.)

இப்படி ஓடும்போதே கம்பைல் செய்வதற்குப் பெயர் ஜிட். நீங்கள் சொல்லும் மூன்று நிமிடம் இதுதான்.

இரண்டு கேள்வி. பாட் ஒன்றுக்கு சிபியு லிமிட் எவ்வளவு? எது எப்போது கம்பைல் ஆகிறது என்று காட்டும் பிரின்ட்கம்பைலேஷன் ஆப்ஷனைப் போட்டு ஒருமுறை லாகைப் பார்த்தீர்களா?


அரைத்தூக்கம் · செவ்வாய், காலை 10:05

லிமிட் 1 சிபியு. மெமரி 1.5 ஜிபி.

லாகை இப்போதுதான் பார்த்தேன், திரை அருவி மாதிரி ஓடுகிறது. இதற்கிடையே பல வரிகளின் கடைசியில் "மேட் நாட் என்ட்ரன்ட்" என்று வருகிறது. நம்முடைய கட்டண கிளாஸ் பெயரும் அதில் இருக்கிறது. இது என்ன பிழையா?


பழையதுசோறு · செவ்வாய், காலை 10:40

ஒரு சிபியுவா! கல்யாண மண்டபத்தில் சமைக்கிறவரையே பந்தியும் பரிமாறச் சொல்லியிருக்கிறீர்கள். கம்பைலர் த்ரெட்டும் அதே கோட்டாவில்தான் சாப்பிடுகிறது, ரிக்வெஸ்ட் த்ரெட்டும் அதே கோட்டாவில்தான்.

1 சிபியு லிமிட் என்றால் லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 100 மில்லிசெகண்ட் சிபியு நேரம் தருகிறது. ஒரே சமயத்தில் நான்கு த்ரெட் நான்கு கோரில் ஓடினால் 25 மில்லிசெகண்டில் அது தீர்ந்தது. மீதி 75 மில்லிசெகண்ட் மொத்தப் புராசஸும் உறைந்து நிற்கும், லைவ்னஸுக்குப் பதில் சொல்லும் த்ரெட் உள்பட. அதைப் பார்த்துத்தான் குபர்நெட்டிஸ் "செத்துவிட்டது" என்று முடிவு கட்டுகிறது.

இன்னொன்று. இரண்டு சிபியுவுக்குக் கீழே இருந்தால் ஜேவிஎம் அதை சர்வர் என்றே எண்ணாது, கார்பேஜ் கலெக்டரில் (பயன்படாத மெமரியை மீட்பது) ஜி1க்குப் பதில் சீரியலை எடுத்துக்கொள்ளும். நீங்களாக எதையும் குறிப்பிடவில்லை என்றால் உங்களுக்கு இப்போது ஓடுவது சீரியல்தான்.

"மேட் நாட் என்ட்ரன்ட்" பிழை இல்லை. உங்கள் கட்டண இன்டர்ஃபேஸையே (யுபிஐ, கார்டு கிளாஸ்கள் பின்பற்றும் பொது வடிவம்) எடுத்துக்கொள்வோம். காலையில் முதலில் வந்தவர் எல்லோரும் யுபிஐயில் கட்டுகிறார்கள். கார்டு கிளாஸ் இன்னும் லோடே ஆகவில்லை. சி2 பார்க்கிறது: இந்த இன்டர்ஃபேஸுக்கு உலகத்தில் ஒரே ஒரு கிளாஸ்தான். சரி என்று யுபிஐ மெத்தடின் உடம்பையே அழைத்த இடத்தில் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது, அழைப்பே இல்லை. 8:02க்கு ஒரு புண்ணியவான் கார்டை நீட்டுகிறார். புது கிளாஸ் லோடு ஆகிறது, பழைய அனுமானம் பொய்யாகிறது. அந்த மெஷின் கோடுக்குள் இனி யாரும் நுழையாதே என்று முத்திரை குத்திவிட்டு, இன்டர்பிரட்டருக்குத் திரும்பி, மறுபடியும் எண்ண ஆரம்பிக்கிறது. இரண்டு கிளாஸ் வரை ஒரே இடத்தில் ஒட்டிவைத்துச் சமாளிக்கும். மூன்று நான்கு என்று போய், எதுவுமே தூக்கலாக இல்லை என்றால் அதற்கும் பொறுமை போய்விடும், சாதாரண மறைமுக அழைப்புதான்.

ஓடும்போது கம்பைல் செய்வதன் ருசி இங்கேதான் இருக்கிறது. தப்பாகப் போனால் பின்வாங்க வழி இருப்பதால் துணிந்து பந்தயம் கட்டலாம். முன்கூட்டியே கம்பைல் செய்பவனுக்கு அந்தத் துணிச்சல் வராது. எல்லா வழிக்கும் கோட் எழுதித்தான் ஆக வேண்டும்.


துருப்பிடித்தவன் · செவ்வாய், மதியம் 1:20

சரி, இம்முறை விளையாட்டில்லாமல் கேட்கிறேன். அந்த ருசிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? 8:02க்கு டிக்கெட் போட வந்தவர்.

பதினாறு பாட். பதினாறும் ஒரே பாடத்தைத் தனித்தனியாகப் படிக்கின்றன. நேற்று படித்ததையே இன்றும் படிக்கின்றன. டெப்ளாய் ஆனதும் அத்தனையும் மறந்துவிட்டு நாளை முதல் பாடத்திலிருந்து. பள்ளிக்கூடமாக இருந்தால் இழுத்து மூடியிருப்பார்கள். நான் சிஐ (தானாக பில்ட் செய்யும்) மெஷினில் ஒருமுறை கம்பைல் செய்கிறேன், பத்து நிமிடம் ஆகட்டுமே, காத்திருப்பது நான். பிறகு எத்தனை பாட் எழுப்பினாலும் முதல் ரிக்வெஸ்டுக்கே முழு வேகம்.

"முன்கூட்டியே கம்பைல் செய்பவனுக்குக் கணக்கு கிடைக்காது" என்பதும் முழு உண்மை இல்லை, ஐயா. ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுத்து, அதைக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யும் பிஜிஓ சி++இல் வெகுநாளாக இருக்கிறது. ரஸ்ட் கம்பைலரே அப்படிக் கட்டப்பட்டதுதான்.


பழையதுசோறு · செவ்வாய், மதியம் 2:02

பதினாறு பாட் ஒரே பாடம் என்பது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் பாதையில் முழுதாகப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஃபேஸ்புக் 2010இல் ஹிப்ஹாப் என்று ஒன்றை வெளியிட்டது. பிஹெச்பி கோட் மொத்தத்தையும் சி++ ஆக மாற்றி, அதை ஜி++இல் கம்பைல் செய்து, தளம் முழுவதையும் ஒரே பைனரியாக்கும். ஒரு ஜிபிக்கும் மேல் வரும். ஆயிரக்கணக்கான சர்வருக்கு அதை அனுப்ப பிட்டோரன்ட் வைத்திருந்தார்கள், நாம் வேறு எதற்கோ பயன்படுத்திய அதே பிட்டோரன்ட். டெவலப்பர் ஒரு வரியை மாற்றிவிட்டு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா? அவர்களுக்குத் தனியாக ஒரு இன்டர்பிரட்டர். இரண்டும் ஒரே மாதிரி நடக்கும்படி பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. கடைசியில் ஓடும்போதே கம்பைல் செய்யும் ஹெச்ஹெச்விஎம் எழுதினார்கள். அது பழைய சி++ வழியை வேகத்திலும் தாண்டியதும் 2013இல் அதற்கே மாறிவிட்டார்கள். பிஹெச்பியில் ஒரு வேரியபிள் எண்ணா எழுத்தா என்பதே ஓடும்போதுதான் தெரியும். முன்கூட்டி எவ்வளவுதான் ஊகிப்பது?

இதற்குமேல் சுவாரசியம், பிறகு அவர்களையும் உங்கள் "பதினாறு பாட்" பிரச்சினையே கடித்தது. ஒரு நாளைக்குப் பல டெப்ளாய், ஒவ்வொன்றிலும் எல்லா சர்வரும் முதலிலிருந்து சூடேற வேண்டும். அதற்கு ஜம்ப்ஸ்டார்ட் என்று ஒரு ஏற்பாடு செய்து 2021இல் கட்டுரையாகவும் எழுதினார்கள். சில சர்வர்கள் முதலில் ஓடிக் கணக்கெடுக்கும், மற்றவை அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கும்.

ஜிட் ஜாவா கண்டுபிடித்தது என்று இங்கே இன்னொரு இழையில் யாரோ எழுதியிருந்தார்கள், அதையும் தீர்த்துவிடுகிறேன். ஹாட்ஸ்பாட் வந்தது 1999. கென் தாம்ப்சன் 1968லேயே, தேட வேண்டிய ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஓடும்போதே ஐபிஎம் 7094இன் மெஷின் கோடாக மாற்றித் தேடிக் காட்டினார்.


கைபேசிக்காரி · செவ்வாய், இரவு 9:30

ஆண்ட்ராய்டு இரண்டு கரைக்கும் போய்வந்த கதையை உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

2008இல் ஆப்களை ஓட்ட டால்விக். ஐஸ்லாந்தில் ஒரு மீனவ ஊரின் பெயர் அது. வெறும் இன்டர்பிரட்டர். 2010இல் 2.2 ஃபுரோயோவோடு ஜிட் சேர்ந்தது. அதுவும் முழு மெத்தடைக் கம்பைல் செய்யாது. அடிக்கடி ஓடும் தடம் எதுவோ அதை மட்டும், ஏனென்றால் அன்றைய போனில் மெமரி அவ்வளவுதான்.

2014இல் 5.0 லாலிபாப். டால்விக்கைத் தூக்கிவிட்டு ஆர்ட் என்ற புது ரன்டைம். ஆப் இன்ஸ்டால் ஆகும்போதே முழுவதையும் மெஷின் கோடாக்கி வைத்துவிடும், உங்கள் மேலாளர் கேட்பது போலவே. கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் அம்மாவின் போனில் சிஸ்டம் அப்டேட் வந்த நாளை மறக்க முடியாது. அப்டேட்டுக்குப் பிறகு பழைய மெஷின் கோட் செல்லாது, எல்லா ஆப்பையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். "ஆப் 1 / 94 ஆப்டிமைஸ் செய்யப்படுகிறது" என்று திரையில் நிற்கிறது. அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, "என்னமோ பண்ணிட்டே, சரி பண்ணு" என்று சமையலறைக்குப் போய்விட்டார். குழம்பு கொதித்து இறங்கியபோது 61 / 94. நான் ஒன்றுமே செய்யவில்லை என்பதை இன்றுவரை அவர் நம்பவில்லை. இதில் கொடுமை, அந்த 94இல் அவர் திறப்பது நாலோ ஐந்தோ. மற்றவற்றின் மெஷின் கோட் 8 ஜிபி போனில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

2016இல் 7.0 நௌகட்டில் கூகுளே இறங்கிவந்தது. இன்ஸ்டால் ஆகும்போது கம்பைல் கிடையாது. முதலில் இன்டர்பிரட்டர், சூடானதற்கு ஜிட், எது சூடு என்ற குறிப்பு ஒரு ஃபைலில். அம்மா இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும்போது அந்தக் குறிப்பில் இருப்பதை மட்டும் முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்துக்கொள்ளும். காத்திருப்பது யார் என்று கேட்டாரே துருப்பிடித்தவன்? இங்கே யாருமில்லை. தூங்கும் நேரம்.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது: அப்டேட் வந்த முதல் நாள். குறிப்பு இன்னும் சேரவில்லை, ஆப் மந்தம். அதற்கு 2019இல் கூகுள் ப்ளே, முதலில் அப்டேட் செய்தவர்களின் போன்களிலிருந்து குறிப்பைச் சேர்த்து, பின்னால் வருபவர்களுக்கு ஆப்போடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. 2022இலிருந்து டெவலப்பரே அந்தக் குறிப்பை எழுதி ஆப்புக்குள் வைத்து அனுப்பலாம், பேஸ்லைன் புரொஃபைல் என்று. எங்கள் ஆப்பில் முகப்புத் திரையையும் தேடலையும் மட்டும் அதில் வைத்திருக்கிறோம்.

ஃப்ளட்டரில் ஆப் எழுதுபவர்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. எழுதும்போது அதன் மொழியான டார்ட்டின் ஜிட், சேமித்தவுடன் திரை மாறும். ரிலீஸ் பில்டில் முழுக்க முன்கூட்டியே கம்பைல். ஒரே மொழிக்கு இரண்டு வேஷம்.


மேசைவிளக்கு · செவ்வாய், இரவு 10:11

உங்களுக்கெல்லாம் தேர்ந்தெடுக்கும் வசதியாவது இருக்கிறது. நான் கேம் எழுதுகிறேன், யூனிட்டி. ஐபோனில் ஆப்பிள் அனுமதி தராத ஆப் எதுவும் தானே மெமரியில் மெஷின் கோட் எழுதி அதை ஓட்ட முடியாது. அதனால் எங்கள் சி# எல்லாம் ஐஎல்2சிபிபி என்ற யூனிட்டி கருவி வழியாகச் சி++ ஆகி, ஆப்பிளின் எக்ஸ்கோடில் கம்பைல் ஆகிப் போகிறது. பெயரை வைத்து ஓடும்போது தேடி எடுக்கும் கிளாஸ் ஏதாவது இருந்தால், "இதை யாரும் கூப்பிடவில்லையே" என்று கம்பைலர் வழியிலேயே வெட்டிப் போட்டுவிடும். எடிட்டரில் ஓடும், போனில் விழும். வெட்டாதே என்று தனி எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். நேட்டிவ் இமேஜிலும் உங்களுக்கு இதே தலைவலி வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் சும்மா கெடுபிடி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசர் குழு 2021இல் எழுதியதைப் படித்தேன். 2019க்குப் பிறகு அதன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8இல் பதிவான பாதுகாப்புக் குறைகளில் சுமார் 45% ஜிட் சம்பந்தப்பட்டவை என்று சொல்லி, ஜிட்டை அணைத்துவிட்டு உலாவும் ஒரு மோடைச் சோதனைக்கு விட்டார்கள். ஐஓஎஸ் 16இன் லாக்டவுன் மோடும் சஃபாரியின் ஜிட்டை அணைத்துவிடுகிறது. எழுதவும் ஓட்டவும் முடிகிற மெமரி திருடனுக்கும் வசதிதானே.


யானைப்பாகன் · புதன், காலை 7:48

டேட்டாபேஸ் பக்கமிருந்து ஒரு சின்னக் கதை. போஸ்ட்கிரெஸ் 11இல் எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பைக் கொண்டு குவெரியை ஓடும்போதே கம்பைல் செய்யும் வசதி வந்தது. 12இலிருந்து அது தானாகவே ஆனில் இருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து மாறிய அன்று எங்கள் அறிக்கைப் பக்கம் ஒன்று படுத்துவிட்டது. குவெரி மாறவில்லை, பிளானும் மாறவில்லை. குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸின் அடியில் ஜிட் என்று புதிதாக ஒரு பகுதி: கம்பைல் செய்ய 900 மில்லிசெகண்ட். குவெரியின் உண்மையான வேலை 30 மில்லிசெகண்ட்! பார்ட்டிஷன் நிறைய இருந்த டேபிள்; பிளானர் செலவை மிகையாக மதிப்பிட்டு, ஒரு லட்சம் என்ற வரம்பைத் தாண்டியதாக நினைத்துக் கம்பைலரைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த யூசருக்கு மட்டும் ஜிட்டை அணைத்தேன், தீர்ந்தது. இரவு ஓடும் பெரிய கணக்கு வேலைகளுக்கு அதே ஜிட் இன்றும் ஆனில்தான், அங்கே உதவுகிறது.

போஸ்ட்கிரெஸ் அந்தக் கம்பைல் செய்த கோடைச் சேமித்தும் வைக்காது. அதே குவெரி மறுபடி ஓடினால் மறுபடி கம்பைல். துருப்பிடித்தவன் கேட்டால் அழுதுவிடுவார்.


இரவல்லேப்டாப் · புதன், காலை 11:30

நேட்டிவ் இமேஜுக்கு மாறிய ஆள் நான். "எங்கே கடிக்கும்" என்று கேட்டீர்களே, கடித்த இடங்களைக் காட்டுகிறேன்.

முதலில் நல்லது. ஸ்டார்ட்அப் நேரத்தைச் செகண்டில் சொல்லிக்கொண்டிருந்தவன் மில்லிசெகண்டில் சொல்ல ஆரம்பித்தேன். மெமரி பாதிக்கும் கீழே. முதல் ரிக்வெஸ்டும் ஆயிரமாவது ரிக்வெஸ்டும் ஒரே வேகம். இதெல்லாம் உண்மை.

கடி ஒன்று: பில்ட். அது மெயினில் ஆரம்பித்து எங்கெல்லாம் போக முடியும் என்று மொத்தக் கோடையும், லைப்ரரிகளையும் சேர்த்து அலசுகிறது. முன்பு 40 செகண்டில் முடிந்த சிஐ வேலை 9 நிமிடம் ஆனது. 4 ஜிபி ரன்னரில் மெமரி போதாமல் செத்தது.

கடி இரண்டு, ஆழமான கடி. "பில்டில் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே உலகம்" என்பது அதன் அடிப்படை. ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போது பெயரை வைத்துத் தேடி எடுப்பது) தொடும் கிளாஸ்களை முன்கூட்டிப் பதிந்து வைக்க வேண்டும். கன்ட்ரோலர் திருப்பித் தரும் கிளாஸ்களை ஸ்பிரிங் தானே கண்டுபிடித்துப் பதிந்துகொள்ளும். எங்களிடம் ஒரே ஒரு இடத்தில், கேன்சல் ரசீதை க்யூவில் போடும் முன், யாரோ கையால் ஆப்ஜெக்ட்மேப்பரைக் கூப்பிட்டு ஜேசன் ஆக்கியிருந்தார்கள். அது ஸ்பிரிங் கண்ணில் படவில்லை. டிரேசிங் ஏஜென்ட் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அது ஓடிய பாதையைத்தான் பதியும், சோதனையில் யாரும் கேன்சல் செய்யவில்லை. புரொடக்ஷனில் மூன்றாம் நாள், முதல் கேன்சல். "இந்த கிளாஸுக்கு சீரியலைசர் இல்லை" என்று எக்ஸெப்ஷன். பணம் திரும்பிவிட்டது, ரசீது மட்டும் போகவில்லை. அந்த "யாரோ" யார் என்று கிட் பிளேமில் (எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும்) பார்த்தேன். நான்தான்.

கடி மூன்று: சிபியு. ஜேவிஎம் எந்த மெஷினில் ஓடுகிறதோ அதன் இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பார்த்துக் கோட் போடும். முன்கூட்டிக் கம்பைல் செய்தால் ஏதாவது ஒரு சிபியுவை மனத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். இப்போதைய கிரால்விஎம் ஏவிஎக்ஸ்2 என்ற இன்ஸ்ட்ரக்ஷன் தொகுப்பு உள்ள இன்டெல் வகையைச் சாதாரணமாக எதிர்பார்க்கிறது, 2013 ஹாஸ்வெல்லிலிருந்து வருவது. ஸ்டேஜிங்கில் (சோதனைக் களம்) ஒரு கிழட்டு சர்வர் இருந்தது. ஏவிஎக்ஸ்2 இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு எழ மறுத்துவிட்டது. எல்லா மெஷினிலும் ஓடும்படி கம்பைல் செய்ய ஆப்ஷன் இருக்கிறது, கொஞ்சம் வேகத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

உச்ச வேகமும் எங்களுக்குச் சூடான ஜேவிஎம்மை எட்டவில்லை. பிஜிஓ வேண்டும் என்றால் ஆரக்கிளின் கிரால்விஎம் பதிப்பு, கம்யூனிட்டி பதிப்பில் கிடையாது. 2023 ஜூனிலிருந்து அந்தப் பதிப்பும் இலவசம், உரிம நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

என் கருத்து: சின்னச் சேவைக்கு, திடீரென எழுந்து வேலை முடித்துச் சாகும் ஃபங்ஷனுக்கு, அருமை. ரிஃப்ளெக்ஷனில் மூழ்கிக்கிடக்கும் பத்து வருடக் கோடுக்கு, ஒரு மாதம் ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.


நெறியாளர் · புதன், மதியம் 12:15

"கோ மொழி சிறந்ததா" என்று நடுவில் ஆரம்பித்த ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். சண்டை அங்கே.


பழையதுசோறு · புதன், மதியம் 3:40

கைபேசிக்காரி அக்கா சொன்ன குறிப்பு ஃபைலும், ஃபேஸ்புக்கின் ஜம்ப்ஸ்டார்ட்டும் ஒரே யோசனைதான்: கம்பைல் செய்த கோடை விட, "எது சூடு" என்ற அறிவைச் சேமித்துவைப்பது. அது ஜாவாவுக்கும் வந்துவிட்டது, ஸ்டார்ட்அப்பை வேகப்படுத்தும் லேடன் திட்டத்தின் வழியாக. 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24, பயிற்சியாக ஒருமுறை ஓட்டி, லோடு செய்து இணைத்த கிளாஸ்களை அப்படியே ஒரு ஏஓடி (முன்கூட்டியே தயாரித்த) கேஷ் ஃபைலில் வைத்துக்கொள்கிறது. ஸ்பிரிங் பெட்கிளினிக் மாதிரிச் செயலி 4.486 செகண்டிலிருந்து 2.604க்கு இறங்கியதாக ஜெப் 483 என்ற ஜாவா முன்மொழிவில் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பரில் வந்த ஜாவா 25இல் அதே கேஷுக்குள் மெத்தட் கணக்கும் போகிறது. அதாவது எழுந்தவுடனே எது சூடு என்று ஜிட்டுக்குத் தெரியும், எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மெஷின் கோட் அதில் இல்லை, கம்பைல் அங்கேதான் நடக்கும். அனுமானம் பொய்யானால் வழக்கம்போல் பின்வாங்கும். எதையும் பதிந்துவைக்க வேண்டாம், ரிஃப்ளெக்ஷன் ஓடும்.

ஆகவே தம்பி, நான் உங்கள் இடத்தில் இருந்தால்: லிமிட்டை 2 ஆக்குவேன். லைவ்னஸுக்கு முன்னால், எழுந்து முடியும்வரை பொறுத்திருக்கும் ஸ்டார்ட்அப் சோதனை ஒன்று வைப்பேன். ரெடி என்று சொல்வதற்கு முன் பாட் தனக்குத்தானே சில ஆயிரம் ரிக்வெஸ்ட் அனுப்பிச் சூடேறிக்கொள்ளட்டும். அதற்கும் போதவில்லை என்றால் ஜாவா 25. ஒன்று மட்டும், சூடேற்றும் ரிக்வெஸ்ட் நிஜம் மாதிரி இருக்க வேண்டும். வெறும் யுபிஐயையே அனுப்பினால் பொய்ப் பாடம் படித்துவிட்டு, முதல் கார்டுக்காரரிடம் மாட்டிக்கொள்ளும்.


துருப்பிடித்தவன் · புதன், மாலை 4:05

முன்கூட்டியே ஓட்டி, முன்கூட்டியே கற்று, முன்கூட்டியே கேஷில் வைத்து... ஐயா, நீங்கள் மெதுவாக என் பக்கம் வந்துகொண்டிருக்கிறீர்கள்.


பழையதுசோறு · புதன், மாலை 4:09

நீங்கள் பிஜிஓ என்று சொன்ன அன்றே என் பக்கம் வந்துவிட்டீர்கள்.


அரைத்தூக்கம் · மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10:20

எல்லோருக்கும் நன்றி. நேற்று அடுத்த பண்டிகை டிக்கெட் திறந்தது, அதனால் இன்று எழுதுகிறேன்.

லிமிட்டை 2 ஆக்கியதும் ஸ்டார்ட்அப் சோதனை வைத்ததுமே பாதி வியாதி போய்விட்டது. கொலை நின்றது. மூன்று நிமிடம் ஒன்றரை நிமிடமானது. செலவு கூடியதே என்று மேலாளர் முகத்தைச் சுளித்தார். பதினொரு நிமிட நஷ்டக் கணக்கைக் காட்டியதும் நேராக்கிக்கொண்டார்.

அப்புறம் ஜாவா 25, ஏஓடி கேஷ். முதல் முயற்சியில் எந்த மாற்றமும் இல்லை, ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ஸ்பிரிங் பூட்டின் ஒற்றை ஜாரை (கிளாஸ்களையும் லைப்ரரிகளையும் அடைத்த பொதி) அப்படியே வைத்து ஓட்டியிருந்தேன். ஜாருக்குள் ஜார் இருந்தால் உள்ளே இருப்பது கேஷில் ஏறாது. பிரித்து வைத்தேன். மறுபடியும் மாற்றமில்லை. சிஐயில் பயிற்சி ஓட்டிய கிளாஸ்பாத் (கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) ஒன்று, பாடில் ஓடியது வேறொன்று. ஜேவிஎம் எச்சரிக்கையாக ஒரு வரி போட்டுவிட்டு கேஷை ஒதுக்கிவைத்து, எப்போதும் போல் ஓடியிருக்கிறது. அந்த வரி எங்கள் லாக் வடிகட்டியில் போய்விட்டது. இரண்டையும் சரிசெய்த பிறகு ஸ்டார்ட்அப் 19 செகண்டிலிருந்து 8, முழு வேகத்துக்கு வர முக்கால் நிமிடம். பயிற்சி ஓட்டத்தில் யுபிஐ, கார்டு, வாலட், கேன்சல் எல்லாம் இருக்கிறது. கேன்சலைச் சேர்த்தது இரவல்லேப்டாப் புண்ணியத்தில்.

டிக்கெட் போட்டதும் எஸ்எம்எஸ் அனுப்பும் குட்டிச் சேவையை மட்டும் நேட்டிவ் இமேஜாக்கினேன், மேலாளர் மனம் கோணாமல் இருக்க. அது 60 எம்பியில் அழகாக ஓடுகிறது.

நேற்று 8:00க்குப் பத்து பாட் எழுந்தன. பத்தும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.


துருப்பிடித்தவன் · சனி, காலை 10:31

ஜன்னலோர சீட் கிடைத்ததா?


அரைத்தூக்கம் · சனி, காலை 10:33

எனக்கா? 8:00க்கு டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8:06க்கு ஞாபகம் வந்து திறந்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஊருக்கு ரயிலில், அன்ரிசர்வ்ட்.